பேப்பர் கப் எந்தத் தொட்டியில்?

அந்தப் பல்கலைக்கழகத்தில் குப்பை கிடையாது. குப்பை என்ற சொல்லுக்கே அங்கே தடை. அங்கே இருப்பதெல்லாம் வளம். குப்பைத் தொட்டியின் பெயர் வளக்கலம். அதில் எதையாவது போட்டால் அதற்குப் பெயர் வளமிடல். இந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்க ஒரு குழுவும், அந்தக் குழு ஒழுங்காகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க இன்னொரு குழுவும் போட்டு, இரண்டையும் குளிரான ஊருக்கு அனுப்பி வைத்து, கடைசியில் பெயர் வைத்துவிட்டார்கள். படித்தவர்கள் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் பெயர் வைக்காமல் விடமாட்டார்கள். காரியம் நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

மகளைச் சேர்க்க வந்த தையல்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். இன்று மாலை ஐந்து மணிக்குள் மகள் கணிதத் துறையில் சேர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். போன வருடம் அப்படித்தான் கைக்கு வந்தது நழுவிப் போய், மகள் ஒரு வருடம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். பட்டன் தைத்துக்கொண்டே கணக்குப் புத்தகம் படித்தாள். அந்த வருடம் தைத்த சட்டைகளில் சிலவற்றுக்குப் பட்டன் ஓட்டையோடு பொருந்தவே இல்லை.

தையல்காரர் பயந்த சுபாவம். ரப்பர் ஸ்டாம்பு இருக்கிற மேசைக்கு முன்னால் நின்றாலே செருப்பைக் கழற்றிவிடுவார். மின்சார பில் கட்டப் போனால்கூட, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்க வந்தவர் மாதிரி நிற்பார். அதனால் கிளம்பும்போதே வீட்டுக்காரி சொல்லித்தான் அனுப்பினார்.

"அங்க போய் நீங்க யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க. அவ பேசிக்குவா. நீங்க பெட்டியைத் தூக்கிட்டு நின்னாப் போதும்."

அவரும் அப்படித்தான் நின்றார். சேர்க்கை நடக்கும் ஹாலில் வரவேற்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அவர்கள் சிரித்த முகத்தோடு எல்லாப் பெற்றோருக்கும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். டீ நன்றாகவே இருந்தது. தையல்காரர் குடித்து முடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். ஹாலில் யாருமே கப்பைக் கீழே போடவில்லை. சுவரோரமாக ஏழு நிறத்தில் ஏழு தொட்டிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஆனால் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. முன்வரிசையில் கட்டட கான்ட்ராக்டர் ஒருவர், பயில்வான் உடம்பு, காலிக் கப்பை முழங்கால்மேல் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணாடி போட்ட ஓர் அம்மா தன் கப்பை ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டார். கப்பைத் திருப்பி வாங்கிக் கழுவுவார்கள் போலிருக்கிறது என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார். பெரிய இடத்தில் எப்படியோ, யார் கண்டார்.

மகளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.

ஒரு கையில் சூட்கேஸ். இன்னொரு கையில் சர்டிபிகேட் பை. கப்பைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ஒரு கணம் பல்லில் கடித்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். அதிகாரி முன்னால் கப்பைக் கவ்விக்கொண்டு போய் நிற்பது மரியாதையில்லை என்று பட்டது. நீலத் தொட்டிமேல் காகிதத்தின் படம் போட்டிருந்தது. பேப்பர் கப்தானே என்று அதில் போட்டார்.

தொட்டி விசில் அடித்தது.

சாதாரண விசில் இல்லை. ரயில் தண்டவாளத்தில் யாரோ நிற்கும்போது அடிப்பார்களே, அந்த மாதிரி நீளமான விசில். அது நின்றதும் தொட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் தேனாக வந்தது. "பிழையான வளமிடல். வளமிட்டவர் அசையாமல் நிற்கவும்."

பக்கத்தில் இருந்த ஒருவர் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியோடு தள்ளி உட்கார்ந்தார். தையல்காரருக்கு முழங்கால் இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. அசையாமல் நிற்கச் சொல்லியிருக்கிறார்களே, நடுங்குவது கணக்கில் வருமா என்று அதற்கும் சேர்த்துப் பயந்தார்.

பச்சைக் கோட்டுப் போட்ட காவலர் ஒருவர் வந்தார். ஓய்வு பெறும் வயது, தொப்பை, கையில் நீள இடுக்கி. பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துக் குனிந்து, மூச்சு வாங்க, தையல்காரரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டார்.

"கோட்டுக்கு வெளிய கால் வரக் கூடாது" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"என் பொண்ணுங்க சார்."

"அப்போ அவங்களும் உள்ள."

வட்டம் ஒரு ஆளுக்குத்தான் போட்டது. அதில் அப்பாவும் மகளும் சூட்கேஸும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

பச்சைக் கோட்டு இடுக்கியால் கப்பை எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டார். அந்தக் கவரை இன்னொரு பிளாஸ்டிக் கவரில் போட்டார். அதன்மேல் டேப் சுற்றினார்.

"இந்தக் கவரெல்லாம் அப்புறம் எந்தத் தொட்டில போடுவீங்க?" என்று மகள் கேட்டாள்.

தையல்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு கண்ணு" என்று பல்லுக்குள் சொன்னார்.

"இது சாட்சியத்தோட உறை. இது வளத்துல சேராது" என்றார் பச்சைக் கோட்டு கோபப்படாமல். இதே கேள்வியைப் பலபேர் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

"சார், தெரியாம போட்டுட்டேன். எந்தக் குப்பைத் தொட்டின்னு சொல்லுங்க, நானே எடுத்துச் சரியாப் போட்டுடறேன்."

பச்சைக் கோட்டு பதறிப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார். "அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. ஏற்கெனவே ஒரு குற்றம் இருக்கு. இது ரெண்டாவதா ஏறும்."

"எந்த வார்த்தை சார்?"

"என்னையும் சொல்ல வெக்காதீங்க." பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டுத் தாழ்ந்த குரலில் விளக்கினார். "கப்புக்கு வெளிப்பக்கம் காகிதம். உள்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். நீலத்துல போட்டா உள்பக்கத்துக்காக விசில் அடிக்கும். மஞ்சள்ல போட்டா வெளிப்பக்கத்துக்காக அடிக்கும். அடியில டீ இருந்தா பச்சையும் சேந்து அடிக்கும்."

"அந்தக் கறுப்புத் தொட்டி? அதுல 'மற்றவை'ன்னு போட்டிருக்கே?" என்றாள் மகள்.

"அதைப் பூட்டி வெச்சிருக்கு. எல்லாத்தையும் வகைப்படுத்தற பல்கலைக்கழகத்துல மற்றவைன்னு ஒண்ணு இருந்தா அது அறிவுக்கு அவமானம்னு பேரவைல தீர்மானம் போட்டுட்டாங்க."

"அப்ப கப்பை எங்கதான் சார் போடுவாங்க?"

"யாரும் போடறதில்லம்மா. கைலயே வெச்சிருப்பாங்க."

"எவ்வளவு நேரம் சார்?" என்றார் தையல்காரர்.

"படிப்பு முடியிற வரைக்கும்" என்றார் பச்சைக் கோட்டு. "ஹாஸ்டல்ல போய்ப் பாருங்க. கட்டிலுக்கு அடியில அடுக்கி வெச்சிருப்பாங்க. பட்டம் வாங்கற அன்னிக்கு எல்லாத்தையும் கட்டி வீட்டுக்குக் கொண்டு போயிடுவாங்க."

"அப்புறம் எதுக்கு சார் டீயை அதுல குடுக்கறீங்க?"

"டீ குடுக்கறது வரவேற்புப் பிரிவு. நாங்க வேற."

அவர் வட்டத்தை ஓரிடத்தில் காலால் அழித்து வழி செய்தார். இருவரையும் வளப் பிரிப்பு உயர் ஆய்வு மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

போகிற வழியெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் விருதுகள். அவற்றுக்கு நடுவே நடுவே அதே ஏழு தொட்டிகள். தையல்காரர் இரண்டு பக்கமும் கையை ஒடுக்கிக்கொண்டு நடந்தார். தையல் தொழிலில் இருப்பவர் சட்டையில் எங்காவது ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கும் காலரில் ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார். அது கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் வேர்த்துவிட்டது. மெல்ல எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நூல் எந்தத் தொட்டிக்குச் சேர்த்தி? பருத்தியா, பாலியெஸ்டரா என்று விரலால் உருட்டிப் பார்த்தார். பயத்தில் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பச்சைக் கோட்டு திரும்பாத நேரம் பார்த்து வாயில் போட்டு விழுங்கிவிட்டார்.

மையத்தின் இயக்குநர் ஒல்லியான மனிதர். மெதுவாகப் பேசினார். அதட்டுகிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம், மெதுவாகப் பேசுகிற அதிகாரியைப் பார்த்தால்தான் தையல்காரருக்குக் குலை நடுங்கும்.

"உக்காருங்க" என்றார். தையல்காரர் உட்காரவில்லை. நாற்காலி எதனால் செய்தது என்று தெரியாமல் எப்படி உட்காருவது.

"நீங்க ஒரு கப்பைப் போட்டதா நினைச்சுக்கிட்டிருக்கீங்க. அப்படி இல்ல. இந்த நிறுவனத்தோட ஆன்மாவுல கை வெச்சிருக்கீங்க." இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேப்பர் கப் காகிதமா, பிளாஸ்டிக்கா? இந்தக் கேள்விக்காக நான் என் வாழ்க்கையையே குடுத்திருக்கேன். நான் வேலைல சேந்தப்ப இது ஒரு சின்னக் கேள்வி. அதைப் பெரிய கேள்வியா வளத்தது நான்தான். இதுல பலபேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க. மூணு மாநாடு நடந்திருக்கு. விடை கிடைச்சுதான்னு கேப்பீங்க. விடை கிடைச்சா மையத்தை மூடிடுவாங்க. அந்தப் பொறுப்பு எனக்கு இருக்கு இல்லையா?"

அந்த நேரத்தில் அவருக்கு டீ வந்தது. பேப்பர் கப்பில்தான் வந்தது. நிதானமாகக் குடித்தார். குடித்து முடித்ததும் எழுந்து போய்ச் சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரைக்கும் காலிக் கப்புகள், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, தூண் தூணாக நின்றன. தன் கப்பை அதில் செருகிவிட்டு அலமாரியைத் தோளால் முட்டிச் சாத்தினார்.

"அலமாரி வளக்கலம் இல்ல. அதனால இது வளமிடல் இல்ல. இது சேமிப்பு" என்றார்.

தையல்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே கேட் அருகே ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் நீலத் தொட்டியைத் தூக்கி லாரியில் கவிழ்த்தார்கள். அதன்மேல் மஞ்சளைக் கவிழ்த்தார்கள். அதன்மேல் சிவப்பு, வெள்ளை, பச்சை எல்லாம். காகிதமும் பாட்டிலும் மிச்சச் சோறும் ஒரே குவியலாகக் கிடந்தன. ஒருவர் அதன்மேல் ஏறி நின்று மிதித்து அமுக்கினார். இதைப் பார்த்தது தெரிந்தால் அது தனிக் குற்றமாகிவிடுமோ என்று தையல்காரர் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மகளும் பார்த்துவிட்டாள்.

"சார், அங்க எல்லாத்தையும் ஒரே லாரில கொட்டறாங்களே!"

போச்சு, எல்லாம் போச்சு என்று தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

இயக்குநருக்குக் கோபமே வரவில்லை. முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? ரொம்பப் பேர் இதைத்தான் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. பிரிக்கறது கல்வி. கொட்டறது போக்குவரத்து. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. எங்களுக்குத் தரவரிசைல முதலிடம் குடுத்தது பிரிச்சதுக்கு. பிரிச்சதை அப்புறம் என்ன பண்ணீங்கன்னு கேள்வித்தாள்ல கேக்கவே இல்ல. கேக்காத கேள்விக்குப் பதில் எழுதினா மார்க் உண்டா, நீங்களே சொல்லுங்க. கணக்குப் படிக்க வந்தவங்கதானே நீங்க? அதோட அந்த லாரி நிக்கறது கேட்டுக்கு வெளியில. பின் சக்கரம் கோட்டைத் தாண்டி நிக்குதான்னு தினமும் ஒரு ஆள் போய்ப் பாத்துட்டு வர்றார்."

மகள் வாயைத் திறந்தாள். தையல்காரர் அவள் காலை மிதித்தார்.

இயக்குநர் குரலை இன்னும் தாழ்த்தினார். "இப்ப விஷயத்துக்கு வருவோம். ஒரு மூட்டைக் காகிதத்துல ஒரே ஒரு எண்ணெய்க் காகிதம் இருந்தாப் போதும். மொத்த மூட்டையும் கழிவு. மறுசுழற்சியில இதுதான் அடிப்படை. இன்னிக்குக் காலையில அந்த ஹால்ல உக்காந்திருந்த எல்லாரும் ஒரு மூட்டை. அந்த மூட்டைல நீங்க இருந்தீங்க. அதனால ஹால்ல இருக்கிற அத்தனை பேரோட சேர்க்கையும் ரத்து."

"சார்!" தையல்காரருக்குக் குரல் கீச்சென்று வந்தது. "நான்தானே சார் போட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. நாலு அடி அடிங்க. அவங்களை எதுக்கு சார்... என் பொண்ணை எதுக்கு..."

"அடிக்கறதா? இது அடிக்கிற நிறுவனம் இல்லங்க" என்றார் இயக்குநர் மனம் புண்பட்டவராக. "இது பிரிக்கிற நிறுவனம்."

ஹாலுக்குத் திரும்பி, இயக்குநர் மைக்கில் முடிவைச் சொன்னார். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இயக்குநரைப் பார்த்து ஒருவரும் எழவில்லை, அது வேறு விஷயம். கையில் மைக் இருப்பவரைப் பார்த்துக் கோபப்படும் பழக்கம் நம் ஆட்களுக்கு இல்லை. அத்தனை பேரும் தையல்காரரைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

"யோவ், ஒரு கப்பைக் கையில வெச்சிருக்கத் துப்பில்லையா உனக்கு?" என்று கத்தினார் கான்ட்ராக்டர். "நான் காலையிலருந்து வெச்சிருக்கேன். எனக்குக் கை வலிக்காதா?"

கண்ணாடி அம்மா ஹேண்ட்பேக்கைத் திறந்து காட்டினார். "பாருங்க, மிச்ச டீ எல்லாம் கொட்டி போன் நனைஞ்சு போச்சு. நான் ஒரு வார்த்தை பேசினேனா? நாங்கல்லாம் பிள்ளைங்க படிப்புக்காகப் பொறுத்துக்கிட்டு இல்ல?"

"இந்த ரெண்டு பேரையும் மூட்டையிலருந்து எடுத்துட்டா மிச்சம் சுத்தம்தானே சார்?" என்றார் கான்ட்ராக்டர். கட்டட வேலையில் உடைந்த செங்கலைத் தூக்கி எறிந்து பழகியவர்.

இயக்குநர் யோசித்தார். "விதிப்படி எடுத்துடலாம்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். வட்டம் இன்னும் தரையில் இருந்தது. கூட்டம் தள்ளியதில் அப்பாவும் மகளும் பின்னால் நகர்ந்து நகர்ந்து மறுபடியும் அதற்குள்ளேயே போய் நின்றிருந்தார்கள். கடிகாரத்தில் நாலரை தாண்டிவிட்டது. மகள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். போன வருடம் இடம் போனபோதும் அவள் இப்படித்தான் நின்றாள். தையல்காரருக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. வாழ்நாளில் அதுவரைக்கும் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இன்னொரு வருடம் அவள் பட்டன் தைத்தால், பிறகு எப்போதும் பட்டன்தான் தைப்பாள்.

அவர் இயக்குநரின் காலருகே உட்கார்ந்துவிட்டார். "சார், ஏதாவது ஒரு வழி சொல்லுங்க சார். அவ ஒண்ணும் பண்ணலையே."

அந்தக் கடைசி வார்த்தை இயக்குநருக்குள் எதையோ தட்டிவிட்டது. இரக்கத்தை இல்லை, விதியை. அவர் கண்ணை மூடி ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னார். "கலப்புப் பொருள். ஒன்றோடொன்று ஒட்டியுள்ள இரு பொருள்களை முழுமையாகப் பிரித்துக் கொணர்ந்தால், அவற்றில் தூய்மையானதை ஏற்கலாம்." கண்ணைத் திறந்தார். "அவங்க கையால எதுவும் போடல. அவங்க சுத்தமான காகிதம். அந்தக் காகிதத்துமேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் நீங்க. உங்களை உரிச்சு எடுத்துட்டா அவங்களை ஏத்துக்கலாம்."

"எப்படி சார் உரிக்கறது?"

"உங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்லன்னு ஆகணும். விண்ணப்பத்துல அப்பா பேர் எழுதற கட்டத்தைக் காலியா விட்டுடலாம். காலிக் கட்டம் சுத்தமான கட்டம். வாயால மைக்குல ரெண்டு பேரும் சொல்லிட்டாப் போதும், எல்லாரும் சாட்சி."

தையல்காரர் யோசிக்கவே இல்லை. இயக்குநர் பேசி முடிப்பதற்குள் எழுந்து மைக்கைப் பிடித்துவிட்டார். "இந்தப் பொண்ணு என் பொண்ணு இல்லைங்க. எனக்குப் பொண்ணே கிடையாது."

"அப்பா!" என்றாள் மகள்.

"இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார் இயக்குநர், மருத்துவர் நாடி பார்த்துச் சொல்வதுபோல.

"எனக்கு இந்த சீட்டே வேணாம். வாங்கப்பா, வீட்டுக்குப் போகலாம்." அவள் சூட்கேஸைத் தூக்கிவிட்டாள். "பைத்தியக்காரப் பயலுங்க! கப்புக்கு ஒரு தொட்டி வெக்கத் தெரியல, அப்பாவை உரிக்கறாங்களாம்."

கடிகாரத்தில் ஐந்து ஆகப்போகிறது. மகள் வட்டத்தைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். அப்போது தையல்காரர் செய்ததை, அவருடைய வீட்டுக்காரி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். மின்சார அலுவலகத்தில் வாய் திறக்காத மனிதர், மகளை இதுவரைக்கும் கண்ணு என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிடாத மனிதர், ஹாலே அதிரக் கத்தினார்.

"ஏய், யாரும்மா நீ? வழில போறவனைப் பிடிச்சு அப்பா அப்பாங்கற? என் பெட்டியைக் கீழ வை முதல்ல!"

மகள் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். குரல் கல் மாதிரி இருந்தது. ஆனால் அவர் கண் அப்படி இல்லை. அது கெஞ்சிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். மைக் அருகே போனாள்.

"இவரை எனக்குத் தெரியாது" என்றாள்.

இயக்குநர் மேசைமேல் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். ஹாலில் இருந்த தொட்டிகள் எல்லாவற்றிலிருந்தும் அந்தத் தேன் குரல் ஒரே நேரத்தில் வந்தது. "சரியான வளமிடல். நன்றி."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கான்ட்ராக்டர் வந்து தையல்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். கண்ணாடி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு முன்பே மகளுடைய சர்டிபிகேட்டுகளின்மேல் ஸ்டாம்பு விழுந்தது. அந்தச் சத்தம் தையல்காரருக்குக் கேட்டது. அவரைப் பக்கத்தில் போக விடவில்லை.

எல்லோரும் பிள்ளைகளோடு ஹாஸ்டல் பக்கம் நடந்தார்கள். பெட்டி, பக்கெட், தலையணை என்று அப்பாக்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மகள் வெறுங்கையோடு அந்தக் கூட்டத்துக்குள் நடந்தாள். பச்சைக் கோட்டு தையல்காரரை வேறு வாசல் வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். பாதி வழியில்தான் தையல்காரருக்குத் தன் கையில் இருப்பது நினைவுக்கு வந்தது. அவள் துணி, அவள் சீப்பு, அவளுக்காக ராத்திரி கண் விழித்துத் தைத்த நாலு புதுச் சுடிதார் எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன.

"சார், இந்தப் பெட்டி..." என்று தயங்கினார். "அந்தப் பொண்ணுது."

பச்சைக் கோட்டு நின்றார். "யார் பொண்ணுது?"

"அந்த... கணக்குல சேந்துச்சே, அந்தப் பொண்ணுது."

"உங்க பெட்டின்னு மைக்குல சொன்னீங்களே?"

தையல்காரர் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எந்தப் பதில் சொன்னாலும் விசில் அடிக்கும் என்று தோன்றியது. பச்சைக் கோட்டு அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் யாருக்கோ அப்பாவாக இருக்க வேண்டும். "கண்டெடுத்த பொருள்னு குடுத்துடுங்க. நான் இங்கதான் நிப்பேன். கூடுதலா எதுவும் பேசக் கூடாது" என்றார். ஹாஸ்டல் வேலிப் பக்கம் போய் யாரிடமோ சொல்லி அனுப்பினார்.

மகள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள். தையல்காரர் பெட்டியை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார். பெட்டி கம்பியில் இடித்தது.

"இது உங்களுதான்னு பாத்துக்குங்கம்மா."

"என்னுதுதான் சார். ரொம்ப நன்றி சார்."

பச்சைக் கோட்டு தொண்டையைச் செருமினார். ஆனாலும் அவள் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், நீங்க எங்க ஊர்ப் பக்கம்தானே போறீங்க?"

"ஆமாம்மா."

"எங்க அப்பாவைப் பாத்தா சொல்லிடுங்க. நான் சேந்துட்டேன்னு. அவர் எல்லாத்துக்கும் ரொம்பப் பயப்படுவார். மத்தியானத்துலருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். சாப்பிடச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் தையல்காரர். "அவர் சாப்பிட்டுடுவார். நீங்க... நீங்க நல்லாப் படிங்க."

மகளை நீங்க என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினார். திரும்பிப் பார்க்கலாமா என்று பச்சைக் கோட்டிடம் கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போன் அடித்தது. வீட்டுக்காரிதான்.

"என்னங்க, ஒரு போன்கூடப் பண்ண மாட்டீங்களா? இங்க எனக்கு உசுரே இல்ல. நம்ம பொண்ணு சேந்துட்டாளா?"

தையல்காரர் சுற்றிப் பார்த்தார். பச்சைக் கோட்டு யாரும் இல்லை. பஸ்ஸுக்காக நாலைந்து பேர் நின்றார்கள், யாரென்று தெரியவில்லை. அவர் போனைக் கையால் மறைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணு சேந்துடுச்சு" என்றார்.